இலைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம். ஒளிச்சேர்க்கை பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஆறு மூலக்கூறு கரியமில வாயுவும் ஆறு மூலக்கூறு தண்ணீரும் சேர்ந்தால் ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜனும் கிடைக்கும் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. ஆனால் நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, அதற்கு மேல் "சூரிய ஒளி, பச்சையம்" என்று எழுதுவோமே, அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

முதல் கேள்வி: இலை வெளியே விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து பிரிந்ததா, தண்ணீரிலிருந்து பிரிந்ததா? கரியமில வாயுவை உள்ளே இழுத்து, கார்பனை வைத்துக்கொண்டு, மீதி ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அது உண்மையா?

கரும்பலகை எழுதியது:

தண்ணீரிலிருந்துதான். முழுக்க முழுக்கத் தண்ணீரிலிருந்து.

1941இல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வழக்கமான ஆக்சிஜன் அணுவின் நிறை எண் 16. நிறை எண் 18 கொண்ட கனமான ஆக்சிஜனும் இயற்கையில் கொஞ்சம் உண்டு. வேதியியல்படி இரண்டும் ஒன்றுதான், எடையை வைத்து மட்டும் பிரித்து அடையாளம் காணலாம். குளோரெல்லா என்ற பாசியைக் கன ஆக்சிஜன் கலந்த தண்ணீரில் வளர்த்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிவந்த வாயுவிலும் கன ஆக்சிஜன் இருந்தது. அப்புறம் மாற்றிச் செய்தார்கள்: தண்ணீர் சாதாரணம், கரைந்திருக்கும் கார்பனேட்டில் மட்டும் கன ஆக்சிஜன். இப்போது வெளிவந்த வாயு சாதாரண ஆக்சிஜனாகவே இருந்தது.

சோதனை இல்லாமலே சமன்பாட்டில் ஓர் இடத்தைப் பாருங்கள். ஆறு ஆக்சிஜன் மூலக்கூறு என்றால் பன்னிரண்டு அணு. ஆறு தண்ணீரில் இருப்பது ஆறு ஆக்சிஜன் அணுதான். எல்லாமே தண்ணீரிலிருந்து வரவேண்டும் என்றால் எத்தனை தண்ணீர் வேண்டும்?

தேன்சிட்டு எழுதியது:

பன்னிரண்டு. அப்படியென்றால் கரியமில வாயுவில் இருந்த பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்களில் ஆறு குளுக்கோஸுக்குள் போகிறது, மீதி ஆறு புதுத் தண்ணீராக வெளியே வருகிறதா?

கரும்பலகை எழுதியது:

அதேதான். பன்னிரண்டு தண்ணீர் உள்ளே போகிறது, ஆறு தண்ணீர் வெளியே வருகிறது. சமன்பாட்டில் இரண்டையும் கழித்து ஆறு என்று எழுதிவிடுகிறோம். கூட்டல் கழித்தலாக அது சரி. ஆனால் அந்தக் கழித்தலில் முக்கியமான விஷயமே மறைந்துபோகிறது: உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒன்றல்ல.

வேர்முடிச்சு எழுதியது:

நல்ல இழை. நான் தாவர உடலியங்கியலில் வேலை செய்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரூபன், கேமனுக்கு முன்பே இரண்டு பேர் இந்த விடையை நெருங்கியிருந்தார்கள். கார்னெலிஸ் வான் நீல் ஊதா நிறக் கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்தவர். அவை ஒளியை வைத்துத்தான் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகின்றன, ஆனால் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்துகின்றன. அவற்றிலிருந்து ஆக்சிஜன் வருவதில்லை, கந்தகம் படிகிறது. கரியமில வாயு இரண்டு இடத்திலும் பொது. மாறுவது மற்றதுதான். அப்படியானால் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து கந்தகம் எப்படி வருகிறதோ, அப்படித்தான் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வரவேண்டும் என்று 1930களில் வாதிட்டார்.

அடுத்தவர் ராபர்ட் ஹில். 1930களின் இறுதியில், இலையை நசுக்கிப் பசுங்கணிகங்களைத் தனியே பிரித்து, இரும்பு உப்பு சேர்த்து வெளிச்சம் காட்டினார். அங்கே கரியமில வாயுவுக்கு வேலையே இல்லை, சர்க்கரையும் உருவாகவில்லை. ஆனாலும் ஆக்சிஜன் வந்தது! இரும்பு உப்பு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டது.

இந்த ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொண்டால் ஒளிச்சேர்க்கை பாதி புரிந்த மாதிரி. ஒளியின் வேலை சர்க்கரை செய்வது அல்ல. தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, அதை உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றிவிடுவதுதான் ஒளியின் வேலை. சர்க்கரை செய்வது வேறொரு வேலை, வேறொரு இடத்தில் நடக்கிறது.

இடம் என்று சொன்னேன் அல்லவா, அதையும் பார்த்துவிடலாம். இலையின் செல்லுக்குள் பசுங்கணிகம். அதற்குள் தட்டையான பைகளாக மடிந்து அடுக்கடுக்காக இருக்கும் சவ்வு தைலக்காய்டு. அடுக்குகளைச் சுற்றி நிரம்பியிருக்கும் கரைசல் ஸ்ட்ரோமா. பச்சையம் சவ்வில் இருக்கிறது, ஒளி வினைகள் எல்லாம் சவ்வில் நடக்கின்றன. கரியமில வாயு சர்க்கரையாவது ஸ்ட்ரோமாவில்.

சவ்வில் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் புரதங்களில் பொருந்திக் கூட்டமாக இருக்கின்றன. ஏதாவது ஒன்றின் மேல் ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள் விழுந்தால் அந்த ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போய் வினை மையத்தை அடைகிறது. இப்படிப்பட்ட கூட்டங்களில், அதாவது ஒளித்தொகுதிகளில், இரண்டு வகை உண்டு. இரண்டாம் ஒளித்தொகுதியில் அந்த மையத்துக்குப் பி680 என்று பெயர். ஆற்றல் வந்து சேர்ந்ததும் அது ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. இழந்த பி680 இருக்கிறதே, உயிரினங்களில் நாம் அறிந்தவற்றிலேயே மிகக் கடுமையான ஆக்சிஜனேற்றி, அதாவது எலக்ட்ரானைப் பிடுங்கும் பொருள், அதுதான். பக்கத்தில் இருக்கும் நாலு மாங்கனீசு, ஒரு கால்சியம் கொண்ட ஒரு சின்னத் தொகுப்பிலிருந்து அது எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. அந்தத் தொகுப்பு தன் இழப்பைத் தண்ணீரிடமிருந்து ஈடுகட்டிக்கொள்கிறது.

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர இரண்டு தண்ணீரிலிருந்து நாலு எலக்ட்ரான் எடுக்கவேண்டும். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு எலக்ட்ரான்தான் நகரும். அதனால் மாங்கனீசுத் தொகுப்பு நாலு இழப்புகளைச் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் ஆக்சிஜனை விடுகிறது. 1969இல் பியர் ஜோலியோ பசுங்கணிகங்களைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்துவிட்டு, மிகக் குறுகிய ஒளிவெட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் வெட்டில் ஆக்சிஜன் இல்லை. இரண்டாவதிலும் ஏறக்குறைய இல்லை. மூன்றாவதில் நிறைய வந்தது. பிறகு ஏழு, பதினொன்று என்று நாலு வெட்டுக்கு ஒருமுறை. பெஸ்ஸல் காக் இதற்குக் கொடுத்த விளக்கம்தான் இன்றுவரை நிற்கிறது: இருட்டில் ஓய்ந்திருக்கும் தொகுப்பு ஏற்கெனவே ஒரு படி ஏறிய நிலையில் இருக்கிறது, அதனால் முதல் முறை மட்டும் மூன்று போதும். ஒரு மூலக்கூறு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுவதைக் கருவியில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அந்தத் தொகுப்பின் அமைப்பையே படம் பிடித்துவிட்டார்கள்.

ஒளித்துகள் எழுதியது:

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானை எடுத்து என்ஏடிபி என்ற ஏற்பியிடம் சேர்க்க, எலக்ட்ரானைக் கிட்டத்தட்ட 1.14 வோல்ட் உயரம் ஏற்றவேண்டும். 680 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டான் ஒன்றில் இருப்பது 1.8 எலக்ட்ரான் வோல்ட். ஒன்றே போதுமே என்று தோன்றும். ஆனால் ஏறிய எலக்ட்ரான் உடனே திரும்பி விழாமல் இருக்க ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலை விட்டுக்கொடுத்தாகவேண்டும். அதனால் இலை இரண்டு கட்டமாக ஏற்றுகிறது: முதலில் இரண்டாம் ஒளித்தொகுதி, அப்புறம் முதலாம் ஒளித்தொகுதி (பி700). எண்கள் தலைகீழாக இருப்பது கண்டுபிடித்த வரிசையால் வந்தது, அதில் குழம்பவேண்டாம்.

நாலு எலக்ட்ரான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபோட்டான். ஆக, ஒரு ஆக்சிஜனுக்குக் குறைந்தது எட்டு ஃபோட்டான். எட்டு மோல் சிவப்பு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 1400 கிலோ ஜூல். அதில் ஒரு மோல் கரியமில வாயு சர்க்கரையாகும்போது சேமிப்பாவது 470, 480 கிலோ ஜூல். மூன்றில் ஒரு பங்கு! ஆனால் இது சிவப்பு ஒளிக்கு மட்டும், எல்லாம் சரியாக அமைந்தால் மட்டும். சூரிய ஒளியில் பாதிக்கு மேல் பச்சையத்துக்கு எட்டாத அலைநீளங்களில் வருகிறது. நீல ஃபோட்டானின் கூடுதல் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. சுவாசத்துக்கும் செலவு உண்டு. எல்லாம் கழித்தால் சாதாரணப் பயிர்களுக்குக் கோட்பாட்டு உச்சமே 4.6 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிலத்தில் பயிர்கள் அதையும் எட்டுவதில்லை.

நிழல்தோட்டம் எழுதியது:

நான் வீட்டுக்குள் செடி வளர்ப்பவன். பச்சை ஒளியை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால்தான் பச்சையாகத் தெரிகிறது, ஆகவே பச்சை ஒளி வீண் என்று சொல்லித்தான் சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள விளக்குகளை விற்கிறார்கள். அது சரிதானே?

ஒளித்துகள் எழுதியது:

பாதிதான் சரி. பச்சையத்தைக் கரைசலாகப் பிரித்தெடுத்துப் பார்த்தால் நீலத்தையும் சிவப்பையும் பலமாக உறிஞ்சும், பச்சையை அவ்வளவாகத் தொடாது. ஆனால் இலை என்பது கரைசல் அல்ல. உள்ளே செல்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவே ஒளி பலமுறை சிதறுகிறது. ஒரு பசுங்கணிகத்தைத் தாண்டிய பச்சை ஃபோட்டான் அடுத்ததில் மாட்டிக்கொள்கிறது. முழு இலையை அளந்தால் விழுந்த பச்சை ஒளியில் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடுகிறது. மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பி வருவதே நம் கண்ணுக்குப் பச்சை என்று காட்டப் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பும் நீலமும் இலையின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கடும் வெளிச்சத்தில் மேலடுக்கு ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், மேலும் சிவப்பைக் கொட்டினால் வெப்பமாகத்தான் போகும். பச்சை ஒளி கீழடுக்கு வரை இறங்கி, அங்கே ஒளி போதாமல் இருக்கும் பசுங்கணிகங்களுக்குப் போய்ச் சேருகிறது. 2009இல் டெராஷிமா குழுவினர் சூரியகாந்தி இலைகளில் இதை அளந்தார்கள்: பலமான வெள்ளை ஒளிக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும்போது சிவப்பைவிடப் பச்சை நன்றாக வேலை செய்தது. வெளிச்சம் குறைவான இடத்தில் சிவப்பு விளக்குக்கு அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. வீண் என்பதுதான் தவறு.

தேன்சிட்டு எழுதியது:

எலக்ட்ரான் மேலே ஏறியது வரை புரிந்தது. செல்லின் ஆற்றல் நாணயம் என்கிறார்களே, அந்த ஏடிபி எங்கே வருகிறது?

வேர்முடிச்சு எழுதியது:

எலக்ட்ரான் இரண்டாம் தொகுதியிலிருந்து முதலாம் தொகுதிக்குப் போகும் வழியில் புரோட்டான்களைத் தைலக்காய்டு பைக்குள் தள்ளிவிடுகிறது. தண்ணீர் உடைவதாலும் அதே பைக்குள் புரோட்டான் சேருகிறது. வெளியே ஸ்ட்ரோமாவில் பிஎச் 8 அளவு, பைக்குள் 6க்கும் கீழே இறங்கும். அணையில் தேங்கிய தண்ணீர் மதகு வழியே பாயும்போது சக்கரத்தைச் சுழற்றுவதைப் போல, பைக்குள் நெருக்கிக்கொண்டிருக்கும் புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதத்தின் வழியே வெளியேறும்போது அதன் ஒரு பகுதி நிஜமாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது.

பீட்டர் மிட்செல் 1961இல் இந்தக் கருத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஆண்ட்ரே யாகெண்டார்ஃப் 1966இல் செய்த சோதனை எளிமையானது. தைலக்காய்டுகளை இருட்டில் பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலில் ஊறவைத்தார். உள்ளேயும் அமிலம் ஏறியது. அப்படியே எடுத்து பிஎச் 8 கரைசலில் போட்டார். ஒரு துளி வெளிச்சம் இல்லை, ஏடிபி உருவானது. ஒளி நேரடியாக ஏடிபியைச் செய்வதில்லை, அமில வேறுபாட்டைத்தான் செய்கிறது என்று அதோடு தெளிவாகிவிட்டது. மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு.

ஆக ஒளி முடித்துக்கொடுக்கும் பொருட்கள் இரண்டு: ஏடிபி, எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட என்ஏடிபியான என்ஏடிபிஹெச். ஆக்சிஜன் இந்த வேலையின் மிச்சம், இலைக்கு அது தேவைப்பட்டு வெளிவிடுவதல்ல.

தேன்சிட்டு எழுதியது:

அப்படியானால் இந்த இரண்டையும் பகலில் சேர்த்து வைத்துக்கொண்டு, சர்க்கரை செய்யும் பகுதி இரவில் நடக்குமா? புத்தகத்தில் இருள் வினை என்று போட்டிருக்கிறதே.

வேர்முடிச்சு எழுதியது:

நடக்காது. ஏடிபியையும் என்ஏடிபிஹெச்சையும் குவித்து வைக்க முடியாது, உருவான வேகத்திலேயே செலவாகிவிடும். தவிர, சர்க்கரை செய்யும் அந்தப் பகுதியான கால்வின் சுழற்சியின் முக்கிய நொதிகள் சில வெளிச்சம் இருந்தால்தான் விழிக்கும். முதலாம் ஒளித்தொகுதியிலிருந்து வரும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி தயோரெடாக்ஸின் என்ற சின்னப் புரதத்துக்குப் போய், அது அந்த நொதிகளின் கந்தகப் பிணைப்பைத் திறந்துவிடுகிறது. ஸ்ட்ரோமாவின் பிஎச் உயர்வதும், மெக்னீசியம் அங்கே வந்து சேருவதும் கூட உதவும். விளக்கை அணைத்தால் சில நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். பெரும்பாலான தாவரங்களில் இந்தப் பகுதி பட்டப்பகலில்தான் நடக்கிறது.

இந்தச் சுழற்சியை மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் மூவரும் சேர்ந்து கண்டறிந்தார்கள். பாசிக்குக் கார்பன் 14 கொண்ட கரியமில வாயுவைக் கொடுத்து, சில நொடிகளில் கொதிக்கும் ஆல்கஹாலில் இறக்கிக் கொன்றுவிடுவார்கள். எந்தச் சேர்மத்தில் கதிரியக்கம் ஏறியிருக்கிறது என்று தாளில் பிரித்துப் பார்ப்பார்கள். நேரத்தைக் குறைக்கக் குறைக்க, கடைசியில் ஒரே புள்ளிதான் பலமாக நின்றது: மூன்று கார்பன் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலம். 1961இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போனது. பென்சனுக்கும் சேர்ந்திருக்க வேண்டிய பெருமை என்பது என் உறுதியான கருத்து.

நடப்பது இதுதான். ஐந்து கார்பன் கொண்ட ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுடன் ஒரு கரியமில வாயு சேர்ந்து, உடனே மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாக உடைகிறது. ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் அதைச் சர்க்கரை பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. மூன்று கரியமில வாயு உள்ளே வந்தால் ஆறு துண்டு கிடைக்கும். அதில் ஐந்து மறுபடி ரிபுலோஸை உருவாக்கவே போய்விடும், ஒன்றுதான் லாபம். அந்த ஒன்றுக்குச் செலவு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஹெச்.

குளுக்கோஸ் என்று சமன்பாட்டில் எழுதினாலும் சுழற்சியிலிருந்து வெளியே வருவது அந்த மூன்று கார்பன் சர்க்கரைதான். அது பசுங்கணிகத்துக்கு வெளியே போனால் சுக்ரோஸாகிப் புளோயம் வழியாக வேருக்கும் காய்க்கும் பயணப்படும். உள்ளேயே தங்கினால் மாவுச்சத்தாகச் சேரும். இரவு முழுக்க செடி அந்த மாவுச்சத்தைக் கரைத்துத்தான் பிழைக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடி, விடியும்போது கையிருப்பு ஏறக்குறைய தீரும்படி சீரான வேகத்தில் கரைக்கிறது. வழக்கத்தைவிட முன்னதாகவே இருட்டாக்கிப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அப்போதும் விடியும் வரை ஓட்டிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் ஒளியைப் பற்றியே பேசுகிறோம். நல்ல வெயிலில் நிற்கும் இலைக்குத் தட்டுப்பாடு ஒளியில் இல்லை, கரியமில வாயுவில்தான். காற்றில் அது 0.04 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியோ மகா மெதுவானது, நொடிக்குச் சில மூலக்கூறுகள்தான் அதன் வேகம். பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடிப்பவை. வேகம் இல்லாததை எண்ணிக்கையால் ஈடுகட்ட, இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோவாகவே இருக்கிறது.

மெதுவாக இருப்பது மட்டும் குறையல்ல. ரூபிஸ்கோ சில நேரம் கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் நாலில் ஒரு முறை. வெப்பம் ஏறினால் இன்னும் மோசம். அப்போது கிடைக்கும் இரண்டு கார்பன் துண்டு செடிக்கு நேரடியாக உதவாது. அதை மீட்க மூன்று செல் உறுப்புகளுக்கு அலைந்து, ஏடிபி செலவழித்து, பிடித்த கார்பனில் ஒரு பகுதியையும் கரியமில வாயுவாகத் திருப்பி விடவேண்டும். இதுதான் ஒளிச்சுவாசம். காற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்த காலத்தில் தோன்றிய நொதி என்பதால், அன்றைக்கு இது பெரிய இழப்பாக இருந்திருக்காது.

வாசலிலும் பிரச்சினைதான். கரியமில வாயு வர இலைத்துளை திறந்தாகவேண்டும். திறந்தால் நீராவி வெளியே ஓடும். சாதாரணத் தாவரம் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க சுமார் 400 தண்ணீர் மூலக்கூறை இழக்கிறது. ஒளிச்சேர்க்கையில் உடைக்கப்படும் தண்ணீர் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

கரும்பலகை எழுதியது:

இதற்குத் தாவரங்கள் கண்ட மாற்றுவழியையும் சொல்லிவிடுகிறேன். கரும்பு, சோளம், மக்காச்சோளம் போன்றவற்றில் வெளிச் செல்கள் கரியமில வாயுவை வேறொரு நொதியால் பிடித்து நாலு கார்பன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் கொண்டுபோய் விடுவிக்கின்றன. ரூபிஸ்கோ அந்த உள் செல்களில்தான் இருக்கிறது. அங்கே கரியமில வாயு நெருக்கமாக இருப்பதால் ஆக்சிஜனுக்கு இடமில்லை. ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் கரும்பில் இந்தப் பாதையை விளக்கினார்கள். தாவர இனங்களில் சுமார் 3 சதவீதம்தான் இப்படி, ஆனால் நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்ட கால் பங்கு இவற்றின் வேலை.

நிழல்தோட்டம் எழுதியது:

கற்றாழை, பாம்புச் செடி மாதிரியானவை இரவில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வைத்தால் நல்ல காற்று கிடைக்கும் என்கிறார்களே. அவை இரவில்தானே இலைத்துளையைத் திறக்கின்றன?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரவில் திறப்பது உண்மை. திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவை விடுவித்துச் சர்க்கரை செய்கின்றன. தண்ணீர் சேமிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் ஆக்சிஜன் தண்ணீர் உடைவதால் வருவது என்று இந்த இழையின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். ஒளி இல்லாமல் தண்ணீர் உடையாது. ஆகவே எந்தச் செடியும் இரவில் ஆக்சிஜனை உருவாக்குவதில்லை. இருட்டில் எல்லாச் செடிகளும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கத்தான் செய்கின்றன.

பகலுக்கும் ஒரு கணக்கு போடுவோம். ஓய்வாக இருக்கும் மனிதர் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறார், மணிக்கு 15 லிட்டர், அதாவது 0.6 மோல். நல்ல வெளிச்சத்தில் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு நொடிக்கு 10 மைக்ரோமோல் ஆக்சிஜன் தருகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 0.036 மோல். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு 17 சதுர மீட்டர் இலை வேண்டும். உள்ளங்கை அகல இலை என்றால் ஆயிரக்கணக்கில்.

அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 2000 மைக்ரோமோல் ஃபோட்டான் விழுகிறது. அறை விளக்கில் பெரும்பாலும் 10, 20 அளவுதான். வெயிலில் வளரும் செடிகளுக்கு அந்த வெளிச்சம் தன் சுவாசச் செலவை ஈடுகட்டவே காணாது. நிழல் செடிகள் 1 முதல் 5 மைக்ரோமோலிலேயே சமன் செய்துவிடும், அதனால்தான் அவை அறைக்குள் பிழைக்கின்றன.

செடியை அழகுக்காகவும் மனநிறைவுக்காகவும் வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

நிழல்தோட்டம் எழுதியது:

சமன் செய்யும் வெளிச்சம் என்ற கணக்கு எனக்கு நேரடியாகப் பயன்படும், நன்றி. முழுக்கச் சிவப்பாக இருக்கும் இலைகளில் பச்சையமே இல்லையா?

வேர்முடிச்சு எழுதியது:

இருக்கிறது, மேலே சிவப்பு நிறமி மறைக்கிறது. நீரில் கரையும் சிவப்பு நிறமி கொண்ட இலையை வெந்நீரில் போட்டால் சிவப்பு தண்ணீரில் இறங்கி, மங்கிய பச்சை தெரியும். பச்சையம் தண்ணீரில் கரையாது, சவ்விலேயே நிற்கும்.

தேன்சிட்டு எழுதியது:

ரூபிஸ்கோ இவ்வளவு மோசம் என்றால் அதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லையா?

வேர்முடிச்சு எழுதியது:

நிறைய முயற்சி நடக்கிறது. மோசம் என்ற சொல் அதற்கு அநியாயம் என்பேன். கரியமில வாயுவும் ஆக்சிஜனும் சின்ன, மின்சுமை இல்லாத மூலக்கூறுகள். இரண்டையும் பிரித்தறியும் திறனைக் கூட்டினால் வேகம் குறைகிறது, வேகத்தைக் கூட்டினால் தவறு கூடுகிறது. அந்தக் கட்டாயத்துக்குள் அது நன்றாகவே செய்கிறது.

அதனால் நொதியை விட்டுவிட்டு அதன் தவறுக்குப் பிந்தைய வழியைச் சுருக்கப் பார்த்தார்கள். 2019இல் அமெரிக்காவின் இல்லினாயில் புகையிலைச் செடிகளில், இரண்டு கார்பன் துண்டைப் பசுங்கணிகத்துக்குள்ளேயே கையாளும் குறுக்குவழியை மரபணு மாற்றத்தால் அமைத்தார்கள். வயலில் அந்தச் செடிகளின் உலர் எடை 40 சதவீதம் வரை கூடியது. ஒளி பக்கத்திலும் ஒரு வெற்றி உண்டு. கடும் வெளிச்சத்தில் இலை உபரி ஆற்றலை வெப்பமாக விட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. மேகம் மறைத்த பிறகும் அந்தப் பாதுகாப்பு கொஞ்ச நேரம் நீடிப்பதால் இழப்பு ஏற்படுகிறது. அதைச் சீக்கிரம் தளர்த்தும்படி மாற்றிய புகையிலையில் 2016இல் சுமார் 15 சதவீதம் அதிக வளர்ச்சி கிடைத்தது. பாதுகாப்பையே நீக்கிவிட முடியாது. தண்ணீரை உடைக்கும் அந்த வினை மையத்தின் டி1 புரதம் கடும் வெளிச்சத்தில் அரைமணி நேர அளவிலேயே பழுதாகி, மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டோம், கண்ணால் பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். தண்ணீர்ச் செடியிலிருந்து குமிழி எண்ணும் சோதனையைவிட இது நம்பகமானது. தண்ணீர் சூடானாலே கரைந்திருந்த காற்று குமிழியாக வரும், அதையும் மாணவர்கள் எண்ணிவிடுவார்கள்.

300 மில்லி தண்ணீரில் சுமார் அரை கிராம் சமையல் சோடா, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மெல்லிய, மெழுகுப் பூச்சு இல்லாத இலையிலிருந்து, நரம்பைத் தவிர்த்து, காகிதத் துளையிடும் கருவியால் பத்து வட்டுகள் வெட்டுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் வட்டுகளைப் போட்டு, கரைசலை உறிஞ்சி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பிடியுங்கள். வட்டின் ஓரத்தில் நுண்குமிழிகள் வரும், இலைக்குள் இருந்த காற்று அது. விட்டதும் அந்த இடத்தில் கரைசல் புகும். இரண்டு மூன்று முறை செய்தால் வட்டுகள் அடியில் மூழ்கும். அவற்றைக் கண்ணாடி டம்ளரில் கரைசலோடு ஊற்றி, வெப்பம் அதிகம் வராத விளக்கின் கீழ் வையுங்கள். சில நிமிடத்தில் ஒவ்வொரு வட்டாக எழும்பும். உள்ளே உருவான ஆக்சிஜன்தான் தூக்குகிறது.

சோடா சேர்க்காத தண்ணீரில் இன்னொரு தொகுதியைக் கட்டாயம் வையுங்கள். அது இல்லாமல் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

தேன்சிட்டு எழுதியது:

இன்று செய்து பார்த்தேன் சார். சோடா கரைசலில் எல்லாம் மிதந்துவிட்டன, வெறும் தண்ணீரில் இருந்தவை அடியிலேயே கிடக்கின்றன. மிதக்கும் டம்ளரைப் பெட்டிக்குள் இருட்டில் வைத்துவிட்டுப் பிறகு திறந்தால், சில வட்டுகள் மறுபடி மூழ்கியிருக்கின்றன. ஆக்சிஜன் கசிந்துவிட்டதா?

கரும்பலகை எழுதியது:

கொஞ்சம் கசிந்திருக்கலாம், ஆனால் முக்கியக் காரணம் சுவாசம். இருட்டில் ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிட்டது. இலைச் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, உள்ளே இருந்த ஆக்சிஜனை அவையே செலவழிக்கின்றன. பதிலுக்கு வரும் கரியமில வாயு கரைசலில் எளிதாகக் கரைந்துவிடும், அதனால் வட்டைத் தூக்க வாயு மிஞ்சுவதில்லை. அதே டம்ளரை மறுபடி விளக்கடியில் வைத்துப் பாருங்கள், திரும்ப எழும்பும். விளக்கின் தூரத்தை மாற்றி, பாதி வட்டுகள் எழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், வரைபடமாகப் போட்டுப் பேசலாம்.